கையொப்பமிட்ட பேஸ்பால் பந்தும் அதைக் காக்கக் கற்ற நூற்றாண்டும்

விளையாட்டு வீரர்களிடம் கையொப்பம் வாங்கிச் சேர்த்து வைக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டென்றாலும், அது ஒரு பெருவழக்காகப் பரவிப் பின்னர் ஒரு தொழிலாகவே நிலைபெற்றது அமெரிக்காவில், பேஸ்பால் ஆட்டத்தைச் சுற்றியே ஆகும். 1920களிலும் 1930களிலும் கையொப்பம் பெற்ற பந்துகள் இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலக்கூடங்களிலும் வீட்டு அலமாரிகளிலும் எஞ்சியுள்ளன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை வருத்தத்தோடு புலப்படும். கவனிப்பாரின்றிக் கிடந்ததால் கெட்ட பந்துகள் சில இருக்க, அன்போடு பூசியும் துடைத்தும் வெளிச்சத்தில் நிறுத்தியும் வைத்ததால் கெட்டவை அதற்குக் குறையாத அளவில் இருக்கின்றன. எதைச் செய்தால் பந்து பிழைக்கும் என்பதைவிட எதைச் செய்யாதிருந்தால் பிழைக்கும் என்பதைக் கற்பதற்கே இந்த வழக்கத்திற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

இதைப் புரிந்துகொள்ளப் பந்தின் அமைப்பை முதலில் அறிய வேண்டும். பேஸ்பால் பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே பருமனானது, எடையில் சற்றே குறைந்தது. தக்கையும் ரப்பரும் சேர்ந்த உள்ளீட்டின் மேல் கம்பளி நூலை இறுகச் சுற்றி, எட்டு என்ற எண்ணின் வடிவில் வெட்டிய இரண்டு வெள்ளைத் தோல் துண்டுகளைப் போர்த்தி, 108 இரட்டைத் தையல்களால் கையாலேயே மூடுகிறார்கள். 1973 வரை குதிரைத் தோலும் 1974 முதல் மாட்டுத் தோலும் இதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. தோல் எந்த விலங்கினுடையது என்பதைக் காட்டிலும் அது பதனிடப்படும் முறையே கையொப்பத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைச் சாற்றில் ஊறிய தோல் செம்பழுப்பாகும். பேஸ்பால் தோலோ படிகார உப்புகளால் பதனிடப்படுவதால் பால்போல் வெளுத்திருக்கிறது. அந்த வெண்மையே எழுதுவதற்கு இவ்வளவு இணக்கமான பரப்பை உண்டாக்கிற்று. ஆனால் படிகாரம் தோலின் நாரோடு உறுதியாகப் பிணைவதில்லை; நீர் பட்டால் அது கரைந்து வெளியேறத் தொடங்க, தோல் காய்ந்து விறைத்துப் போகிறது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தாலும் அழுக்கோடு மையின் ஒரு பகுதியும் பதனத்தின் ஒரு பகுதியும் சேர்ந்தே போகும்.

பந்தில் இரண்டு தையல் வரிசைகள் மிக நெருங்கி வரும் குறுகலான இடத்தைச் சேகரிப்பாளர்கள் ‘ஸ்வீட் ஸ்பாட்’ என்பார்கள். ஒருவரே கையொப்பமிடும் பந்தில் அவர் பெயர் அங்கேதான் இருக்க வேண்டும். அணி முழுவதும் கையொப்பமிடும் பந்தில் அந்த இடத்தை அணி மேலாளருக்கோ முதன்மை வீரருக்கோ விட்டு வைப்பது மரபாயிற்று. பார்வையாளரை நோக்கி அந்த இடத்தையே திருப்பி வைப்பதும் இயல்பாகவே வழக்கத்திற்கு வந்தது. இதனால் விளைந்த கேடு பின்னர் வரும்.

பந்தில் கையொப்பம் வாங்கும் வழக்கத்தை நாடு முழுவதும் பரப்பியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் பேஸ்பால் வீரர் பேப் ரூத். 1920இல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்த அவர், மைதான வாயிலிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் கேட்டவர்க்கெல்லாம், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, சலிக்காமல் எழுதிக் கொடுத்தார். 1934 நவம்பரில் அமெரிக்க நட்சத்திர அணி ஜப்பானுக்குச் சென்றபோது அங்கும் அவர் கையொப்பம் பரவியது. 1920களில் ‘பேப்’ என்ற பட்டப்பெயரை மேற்கோள் குறிகளுக்குள் எழுதுவது அவர் வழக்கம்; பின்னாளில் அக்குறிகளை விட்டுவிட்டார். எழுத்துப் பழக்கத்தின் இத்தகைய சிறு மாற்றங்களே இன்று ஒரு பந்தின் காலத்தைக் கணிக்க உதவுகின்றன.

அக்காலத்துக் கையொப்பங்கள் ஊற்றுப்பேனாவால் எழுதப்பட்டவை. அப்பேனாக்களில் நிரப்பப்பட்ட நீலக்கருப்பு மையின் அடிப்படை மிகப் பழையது: நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் மாசிக்காயின் துவர்ப்புச் சத்தும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பும் சேர்ந்து உண்டாகும் இரும்பு மை. எழுதும்போது வெளிறித் தெரியும் இந்த மை, காற்றுப் பட்டபின் கருத்து உறுதிப்படும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கருமை குறைந்து துருவின் பழுப்பு நிறத்தை அடையும். இதைத் தவிர, துணியில் பட்டால் எளிதில் போகும்படி வெறும் சாயத்தை நீரில் கரைத்துச் செய்த மைகளும் விற்பனையில் இருந்தன. ஒளியின்முன் அவை இன்னும் வேகமாக மறைந்தன. ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய தடம் இருப்பதால் கரி உதிர்ந்தாலும் மறுபடி மை தடவிப் படித்துவிடலாம். பந்தின் தோலில் ஊற்றுப்பேனா எந்தப் பள்ளத்தையும் விடுவதில்லை, மை போனால் எழுத்தும் போயிற்று.

இந்த நிலையாமையை அக்காலத்து மக்கள் அறியாதிருக்கவில்லை. பந்தைக் கையில் எடுத்துக் காட்டும்போதெல்லாம் விரல் பட்டு மை தேய்வதைக் கண்டவர்கள், அதைத் தடுக்க ஒரு வழியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். மரச்சாமான்களுக்குப் பூசும் ஷெல்லாக்கைப் பந்தின்மேல் பூசினார்கள். சிலர் பந்தை அதில் முக்கியே எடுத்தார்கள். ஷெல்லாக் என்பது புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைத் தூய்மை செய்து தட்டைச் செதில்களாக்கியது; சாராயத்தில் கரைத்துப் பூசினால் சாராயம் ஆவியாகிப் பளபளப்பான படலம் நிற்கும். உலகச் சந்தைக்குச் சென்ற அரக்கில் பெரும்பகுதி அன்று இந்தியாவிலிருந்து கப்பலேறியது. கிராமஃபோன் இசைத்தட்டுகளும் அதைக் கொண்டே வார்க்கப்பட்டன. ஆகவே ஓர் அமெரிக்கச் சிறுநகர வீட்டின் பின்கட்டில் ஒரு தந்தை தன் மகனுக்குக் கிடைத்த ரூத்தின் கையொப்பத்தின்மேல் தூரிகையை ஓட்டியபோது, வங்காளத்துத் துறைமுகம் கடந்து வந்த இந்தியக் காட்டுப் பொருள் ஒன்றையே பெரும்பாலும் கையாண்டார் எனலாம்.

பூசிய அன்று பந்து மிக அழகாகவே இருந்திருக்கும். ஆனால் ஷெல்லாக் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிந்து மெல்ல மஞ்சளித்து, பிறகு தேனின் நிறமாகி, ஐம்பது அறுபது ஆண்டுகளில் அடர்ந்த பழுப்பாகிவிடுகிறது. தோல் ஈரப்பதத்திற்கேற்ப விரிந்து சுருங்க, இறுகிப்போன படலம் அதற்கு இடம் கொடுக்காமல் வெடிக்கிறது. வெடித்த செதில் உதிரும்போது தன்னோடு ஒட்டிய மையையும் எடுத்துச் செல்கிறது. பல பந்துகளில் பெயரின் நடு எழுத்துகள் மட்டும் காணாமற்போய், அந்த இடத்தில் தோலின் பழைய வெண்மை தீவுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுவே. எனினும் அந்தத் தந்தையர்களை முழுவதும் குறைகூறுவது நியாயமாகாது. படலம் உதிராமல் நின்ற பந்துகளில், அதன் அடியிலுள்ள மை, பூசப்படாத பந்துகளின் மையைவிடக் கருமையாகவும் கூர்மையாகவும் இருப்பதைக் காணலாம். தேய்மானத்தை அது தடுக்கவே செய்தது. தடுத்ததற்கு வாங்கிய விலைதான் பெரிது. அதைவிடப் பெரிது, அந்தச் செயலைத் திரும்பப் பெற முடியாமை. படலத்தைக் கரைக்கும் சாராயமே மையையும் கரைத்து இழுத்துவிடும் என்பதால், இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் பழுப்பேறிய படலத்தை அப்படியே விட்டுவைப்பதையே பெரும்பாலும் தேர்கிறார்கள். எந்தப் பூச்சையும் பிற்காலத்தில் தீங்கின்றி நீக்க முடிய வேண்டும் என்ற விதி அருங்காட்சியகத் துறையின் அடிப்படைகளுள் ஒன்று. அந்த விதி ஏன் தேவை என்பதற்கு இந்தப் பந்துகளைவிடத் தெளிவான சான்று அரிது.

ஒளியால் வந்த கேடு இதைவிட அமைதியானது, அளவில் இதைவிடப் பெரியது. கணப்படுப்பின்மேல் உள்ள மாடத்திலும் சன்னலோர மேசையிலும், ஸ்வீட் ஸ்பாட் வெளியே தெரியும்படி பந்தை நிறுத்தி வைத்தார்கள். புற ஊதாக் கதிர்களும் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையின் சாய மூலக்கூறுகளைச் சிதைப்பதால், நாள்தோறும் வீட்டார் பெருமையோடு பார்த்த அந்தப் பெயரே முதலில் வெளுத்தது. அணிப் பந்துகளில் இது துயரமான ஒரு விளைவைத் தந்தது: முகப்பில் நின்ற நட்சத்திர வீரரின் பெயர் நிழலாகிவிட, பின்பக்கம் சுவரை நோக்கியிருந்த மாற்று வீரரின் பெயர் எழுதிய நாளில் இருந்தபடியே இருக்கும். ஒளி செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகுமே தவிர, பந்தை இருளில் வைத்து ஆற்றக்கூடியது அன்று. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் பணியாற்றிய கேரி தாம்சன் 1978இல் வெளியிட்ட அருங்காட்சியகச் சூழல் பற்றிய நூல், ஒளியால் எளிதில் கெடும் பொருள்கள்மீது 50 லக்ஸுக்கு மேல் ஒளி விழலாகாது என்ற அளவை உலகெங்கும் நிலைபெறச் செய்தது. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவீடு. வெயில் நேரே விழும் சன்னலோரத்தில் அது பல்லாயிரத்தைத் தாண்டும்.

பேனா மாறியபோது கேட்டின் வகையும் மாறியது. 1945 அக்டோபர் 29 அன்று நியூயார்க்கின் கிம்பெல்ஸ் அங்காடியில் பால்பாயின்ட் பேனா 12.50 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. கெட்டியான பசைபோன்ற மையைச் சிறு உலோகக் குண்டு உருட்டித் தடவும் இப்பேனா, தோலில் மை பரவாமல் மெல்லிய கோடாக எழுத இடம் தந்தது. அழுத்தி எழுதுவதால் தோலில் நுண்ணிய தடமும் பதிந்தது. தொடக்ககால மைகளின் ஊதா, நீலச் சாயங்கள் ஒளியில் விரைவாக வெளுத்தன; 1950களின் நடுவில் தாமிரம் கலந்த உறுதியான நீல நிறமிகள் சேர்ந்தபின் நிலைமை சீர்பட்டது. 1948 ஆகஸ்ட் 16 அன்று ரூத் மறைந்துவிட்டதால், அவர் பால்பாயின்ட்டால் எழுதியவை அவருடைய இறுதி ஆண்டுகளுக்கு மட்டுமே உரியவையாக இருக்க முடியும். 1964இல் ஷார்ப்பி என்ற மார்க்கர் பேனா வந்தது. ஆவியாகும் கரைப்பானில் சாயத்தைக் கரைத்துச் செய்த அதன் மை, புகைப்படத்திலும் தலைக்கவசத்திலும் அழகாக நின்றாலும், பேஸ்பாலின் நுண்துளைத் தோலில் எழுதிய பின்னும் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து பரவி, எழுத்தின் ஓரங்களைத் தடிக்கச் செய்து, சுற்றிலும் மஞ்சள் விளிம்பை உண்டாக்குகிறது. தடித்த எழுத்து தொலைவிலிருந்தே தெரியும் என்பதற்காக மார்க்கரை நீட்டிய ஒரு தலைமுறைச் சிறுவர்களின் பந்துகள் இன்று இந்த நிலையில்தான் இருக்கின்றன. பந்துக்கு நீல நிறப் பால்பாயின்ட் பேனாவே உகந்தது என்பது இன்று சேகரிப்பாளர்களிடையே ஐயமற்ற நடைமுறையாகிவிட்டது.

கிரிக்கெட் உலகமும் இதே பாடத்தைத் தன் வழியில் கற்றது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அணி முழுவதும் மட்டையில் கையொப்பமிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வில்லோ மரத்தின் நார் ஓடும் திசையில் மை கசிந்து இழைபிரிவதும், ஆட்ட மட்டையைப் பேணுவதுபோல் கையொப்ப மட்டைக்கும் ஆளிவிதை எண்ணெய் தடவியவர்கள் பெயர்களை மங்கச் செய்ததும் அங்கே நேர்ந்த பிழைகள். ஹார்பரி நகரத்து சைக்ஸ் நிறுவனம் செய்த மட்டைகளில் டான் பிராட்மனின் கையொப்பம் அச்சாகப் பொறிக்கப்பட்டிருந்தது; அதை அவரே எழுதியதாக எண்ணி மூன்று தலைமுறை காத்த குடும்பங்களின் ஏமாற்றம் தனிக் கதை.

மங்கிய பெயரைக் காணப் பொறுக்காதவர்கள் செய்த இன்னொரு செயலையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் பேனாவை எடுத்துப் பழைய கோட்டின் மேலேயே மறுபடி எழுதினார்கள். ஷெல்லாக் பூச்சு மையை மறைத்தது என்றால், இது கையொப்பத்தையே இல்லாமல் ஆக்கியது. கையொப்பத்தின் மதிப்பு வடிவத்தில் மட்டும் இல்லை. கை எந்த வேகத்தில் ஓடிற்று, எங்கே அழுந்திற்று, எங்கே எழும்பிற்று என்பதை மை காட்டும் விதத்தில் இருக்கிறது. மேலெழுதியவரின் தயக்கமான கோடு அதன்மேல் படிந்தபின் அச்சான்று முற்றாக மூடப்படுகிறது. பாதி மறைந்த உண்மையான பெயர் முழுதாகத் தெரியும் மேலெழுத்தைவிட மேலானது என்ற தெளிவு இத்துறையில் வர வெகுகாலம் ஆயிற்று.

இந்தப் பிழைகளிலிருந்து தப்பிய ஒரு பந்தின் வரலாறு குறிப்பிடத்தக்கது. நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் சிற்றூரில் 1939 ஜூன் 12 அன்று பேஸ்பால் புகழ்மண்டபம் திறக்கப்பட்டது. அதுவரை தேர்வுபெற்றவர்களில் உயிரோடிருந்த பதினொருவரும், ரூத், சை யங், ஹோனஸ் வாக்னர், வால்ட்டர் ஜான்சன், கானி மேக் உட்பட, அங்கே வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவரான டை காப் தாமதமாக வந்ததால் அன்றைய புகழ்பெற்ற குழுப் புகைப்படத்தில் அவர் இல்லை. அன்று நடந்த காட்சி ஆட்டத்திற்குத் தத்தம் அணிகளின் சார்பாக வந்த வீரர்களுள் ஒருவரான மார்வ் ஓவன், ஒரே பந்தில் அந்தப் பதினொருவரின் கையொப்பங்களையும் பெற்றார். படத்தில் இடம்பெறாத காப்பின் பெயரும் பந்தில் இடம்பெற்றது. ஓவன் அதன்மேல் எதையும் பூசவில்லை. மாடத்தில் வைத்துக் காட்டவும் இல்லை. உள்ளே மென்மயிர் வைத்த ஒரு கையுறைக்குள் அதை இட்டு, வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். ஒளியும் விரலும் ஈரமும் அணுகாத அந்த இருளில் அது பல பத்தாண்டுகள் கழித்தது. 2018இல் ஏலத்திற்கு வந்தபோது 6,23,369 டாலருக்கு விலைபோனது. பாதுகாப்பு அறிவியலில் பயிற்சி எதுவும் பெறாத ஓர் ஆட்டக்காரர், தன் பந்தை விட்டு விலகி நிற்கும் பொறுமை ஒன்றாலேயே, பின்னாளில் வல்லுநர்கள் வகுத்த விதிகளில் பெரும்பாலானவற்றை நிறைவேற்றிவிட்டார்.

அந்த விதிகள் இன்று எளியவையாகவே தோன்றும். வெப்பம் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸிலும், காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு ஐம்பதை ஒட்டியும் நிலையாக இருக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும், குறைந்தால் தோல் வெடிக்கும், இரண்டுக்கும் இடையே ஊசலாடினால் அதைவிடத் தீங்கு. வெறுங்கையின் எண்ணெயும் உப்பும் தோலில் கறையாகும் என்பதால் நைட்ரைல் கையுறை அணிந்தே தொட வேண்டும். முன்பு வழங்கிய வெள்ளைப் பருத்திக் கையுறை வழுக்குவதாலும் வியர்வையை ஊடுருவ விடுவதாலும் விலக்கப்பட்டு வருகிறது. பி.வி.சி. நெகிழி நாளடைவில் அமில ஆவியையும் குழைமப் பொருளையும் கசியவிடுவதால் அதில் செய்த உறைகள் ஆகா. மரப்பெட்டியின் அமிலமும் அப்படியே. புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் கூடு நல்லது என்றாலும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது தடுப்பதில்லை என்பதால் அந்தக் கூட்டையும் வெயிலில் வைக்கலாகாது.

பந்தைக் காப்பது என்பது அதன் உண்மையைக் காப்பதும் ஆகும் என்பதை மோசடிகள் உணர்த்தின. அணிகளின் உடைமாற்றும் அறைப் பணியாளர்கள், நேரமில்லாத வீரர்களுக்குப் பதிலாகத் தாங்களே கையொப்பமிட்டுக் கொடுத்தது பல பத்தாண்டு வழக்கம். அதில் பண ஆசையைவிடக் கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்ற எண்ணமே மிகுந்திருந்தது. 1990களில் நடந்தது வேறு. விலை ஏறியதைக் கண்ட போலிக் குழுக்கள் பந்துகளை மொத்தமாக எழுதித் தள்ளின; பழைமைத் தோற்றத்திற்காக அதே ஷெல்லாக்கையும் பூசின. சான் டியேகோ அணியின் வீரர் டோனி க்வின், தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிகள் இருப்பதைக் கண்டு சொன்னார். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ‘ஆபரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடத்திய விசாரணை 2000இல் வெளியுலகுக்குத் தெரிந்தபோது, கைப்பற்றப்பட்டவற்றுள் அன்னை தெரசாவின் பெயர் எழுதிய பந்தும் இருந்தது.

போலியைக் கண்டறியப் பந்தே உதவிற்று. அமெரிக்கப் பேஸ்பாலின் இரு பெரும் பிரிவுகளுள், 1934க்கு முன் அமெரிக்கன் லீக் பந்துகளில் சிவப்பும் நீலமும், நேஷனல் லீக் பந்துகளில் சிவப்பும் கருப்புமாகத் தையல் இருந்தது. ஒவ்வொரு பந்திலும் அந்தந்த லீக் தலைவரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. வில்லியம் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரையும், ஜோ க்ரோனின் அதன்பின் 1973 வரையும் அமெரிக்கன் லீகின் தலைவர்கள். ஆகவே க்ரோனினின் பெயர் அச்சிட்ட பந்தில் ரூத்தின் கையொப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது ரூத் இறந்து பத்தாண்டுக்கு மேல் கழித்துச் செய்யப்பட்ட பந்து. துடைத்தும் சுரண்டியும் இந்த அச்சை அழித்தவர்கள், தங்களிடமிருந்த உண்மையான பந்தின் சாட்சியையே அழித்துக்கொண்டார்கள்.

மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001 முதல் தனக்கென ஒரு சான்றளிப்பு முறையை நடத்திவருகிறது. காவல்துறைப் பணி அனுபவமுள்ள ஒருவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கும்போது போடப்பட்ட கையொப்பத்திற்கு மட்டுமே எண்ணிட்ட ஹாலோகிராம் வில்லை ஒட்டப்படும். பார்க்காத கையொப்பம் எவ்வளவு உறுதியாகத் தோன்றினாலும் அதற்கு வில்லை இல்லை. இதற்கு முந்திய பந்துகள் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை என்பதால், அவற்றின் கைமாறிய வரலாறே அவற்றுக்குச் சான்றாக நிற்கிறது. யார், எந்த ஊரில், எந்த ஆண்டில் வாங்கினார் என்ற குறிப்பு, உடன் வந்த கடித உறை, அன்றைய நுழைவுச்சீட்டு, பந்தைப் பிடித்தபடி நிற்கும் சிறுவனின் மங்கிய புகைப்படம் ஆகியவை அருங்காட்சியகங்களில் பந்தோடு ஒரே வரவு எண்ணின் கீழ்ப் பதிவாகி, அமிலமற்ற தாளுறைகளில் தனித்தனியே வைக்கப்படுகின்றன. குறிப்பைப் பந்தின்மேல் எழுதாமல் தனித்தாளில், மை ஒட்டாதபடி பென்சிலால் எழுதி வைக்குமாறு நன்கொடை தரும் குடும்பங்களைக் காப்பாளர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.